ஐந்து நட்சத்திரப் பையன்கள்

அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து, "நயாகரா பார்த்தீங்களா?" என்று கேட்காதவர் இல்லை. பார்த்தேன். தண்ணீர் நிறைய விழுகிறது. அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் இன்று எழுத உட்கார்ந்தது எங்கள் தெருவில் இரண்டு கிழவர்கள் போட்ட சண்டையைப் பற்றி.

மகன் இருப்பது ஒஹாயோ மாநிலத்தின் தலைநகரமான கொலம்பஸில். 2024 அக்டோபரில் போய் இறங்கினேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். பகல் முழுக்க நானும் ஜன்னலும்தான். பக்கத்து வீட்டில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். எதிர்வீட்டில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் என் வயதுதான் இருக்கும். தபால்காரர் வாசலில் சிவப்புக் கொடி, வாத்தியார் வாசலில் நீலமும் மஞ்சளுமாக ஒரு கொடி. ஜனாதிபதி தேர்தல் நேரமாதலால் ஏதோ கட்சிக் கொடி என்றே நினைத்தேன். பேரனிடம் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தான்.

"கட்சி இல்ல தாத்தா. காலேஜ்."

சிவப்பு, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம். நீலம், வடக்கே பக்கத்து மாநிலத்திலிருக்கும் மிஷிகன் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் ஃபுட்பால் பகை. நாம் உப்பளம் மைதானத்தில் ஆடிய ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட, எதிரணி ஆட்கள் மேலே விழுந்து அமுக்குவது. வாத்தியார் பிறந்து படித்ததெல்லாம் மிஷிகனில். வேலைக்காகக் கொலம்பஸ் வந்தவர் நாற்பது வருஷமாகப் பகை நாட்டில் குடியிருக்கிறார்.

சாயங்காலம் இருவரும் வெளியே வந்து காய்ந்த இலைகளைக் கூட்டுவார்கள். கூட்டிக்கொண்டே வாய்ச்சண்டை. நானும் ஒரு துடைப்பத்தோடு போய் நின்றுகொள்வேன். எனக்கு இங்கிலீஷ் தகராறு என்பது உங்களுக்குத் தெரியும். படித்தது பிரெஞ்சில். இங்கிலீஷ் கற்றுக்கொண்டது ஆபீஸ் கோப்புகளில். 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர் சைட்டட்' என்று ஆரம்பித்தால் ஒரு பக்கம் எழுதுவேன். தெருவில் நின்று பேசுவது வேறு. அவர்கள் பேச்சில் ஓயாமல் 'ரெக்ரூட்', 'ஸ்கவுட்' என்று வந்தது. எனக்கு ரெக்ரூட் என்றால் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது. 'ரெக்ரூ' என்றுதான் பிரெஞ்சில் படித்தோம். ஸ்கவுட் என்றால் காக்கி அரைக்கால் சட்டையும் கழுத்துத் துணியுமாகப் போகும் சாரணர். இரண்டையும் சேர்த்து இந்தக் கிழவர்கள் ஏன் சண்டை போடவேண்டும் என்று முதல் வாரம் புரியவே இல்லை.

பேரன் விளக்கினான். அங்கே கல்லூரி ஆட்டத்துக்குப் பையன்களை ஹைஸ்கூலிலேயே பார்த்துப் பிடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளிக்கூட ஆட்டம் நடக்கும். பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் வந்து பார்ப்பார்கள். உயரம், எடை, நாற்பது கெஜம் ஓட எத்தனை விநாடி, எல்லாம் அளந்து எழுதுவார்கள். பிடித்துப்போனால் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் இலவசம். ஒரு பெரிய பல்கலைக்கழகம் அப்போது 85 பேருக்கு அப்படிக் கொடுக்கலாம்.

இதற்கு நடுவில் ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ் மாதிரித் தனியார் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்கள் வேலை, பதினாறு பதினேழு வயதுப் பையன்களுக்கு நட்சத்திரம் போடுவது. ஐந்து நட்சத்திரம் என்றால் நாடு முழுவதிலும் வருஷத்துக்கு முப்பது, முப்பத்தைந்து பேருக்குத்தான். நாலு, மூன்று, இரண்டு என்று கீழே இறங்கும். பையன் எந்தப் பக்கம் சாய்கிறான், எந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், சிவப்புச் சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொண்டானா நீலச் சட்டையா என்று எழுதுவதற்கே நிருபர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் தெருக் கிழவர்கள் இருவரும் ஒரு பையனின் தோள்பட்டை அகலத்தை அரைமணி நேரம் விவாதிப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நட்சத்திரம் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நான் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் பல வருஷம் இருந்தவன். வருஷாந்தர ரகசியக் குறிப்புகளைச் சீல் வைத்த உறையில் வாங்கி, வரிசை எண் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுவது என் வேலை. 'அவுட்ஸ்டாண்டிங்', 'வெரி குட்', 'குட்', 'ஆவரேஜ்'. அதுவும் நட்சத்திரம்தானே? எங்களோடு இருந்த ஒருவர் வருஷம் தவறாமல் 'ஆவரேஜ்'. ஒரு வெள்ளத்தில் ஆபீசுக்குள் தண்ணீர் புகுந்தபோது 'அவுட்ஸ்டாண்டிங்' எல்லாம் வீட்டில் இருந்தது. இந்த மனிதர்தான் இடுப்பளவு தண்ணீரில் பதிவேடுகளைத் தலையில் சுமந்து மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த வருஷமும் 'ஆவரேஜ்'தான். ஆனால் ஒன்று: 'அவுட்ஸ்டாண்டிங்' வாங்கியவர்களில் நிஜமாகவே கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். எல்லாக் குறிப்பும் பொய் என்று சொல்லிவிட முடியாது.

இதை என் ஆபீஸ் இங்கிலீஷில் சொன்னேன். வாத்தியாருக்குப் பரம சந்தோஷம். "இதைத்தான்யா நானும் சொல்றேன். டாம் பிராடியைப் பார். எங்க மிஷிகன் பையன். 2000-ஆம் வருஷம் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தப்போ 198 பேரை எடுத்த பிறகு அவனை எடுத்தாங்க. ஏழு தடவை சூப்பர் பௌல் ஜெயிச்சான்!"

தபால்காரர் துடைப்பத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "உங்க ஊர்லயே அவனை முதல் ரெண்டு வருஷம் பெஞ்ச்சுல உட்கார வெச்சீங்களே, அதையும் சொல்லு."

இந்தப் பகை ஏதோ நேற்று வந்ததில்லை. 1835-இல் டொலீடோ என்ற ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் ஆயுதத்தோடு எல்லைக்கு ஆள் அனுப்பின. டொலீடோ ஒஹாயோவுக்குப் போனது. ஃபுட்பாலில் முதல் மோதல் 1897. எழுபதுகளில் இரண்டு பயிற்சியாளர்களுக்கு நடுவில் பத்து வருஷப் போர் என்றே ஒரு கதை சொல்கிறார்கள். ஒஹாயோவுக்கு வுடி ஹேஸ், மிஷிகனுக்கு போ ஷெம்பெக்லர். இந்த ஷெம்பெக்லர் ஒஹாயோவில் பிறந்தவர், ஹேஸிடமே உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். 1969-இல் மிஷிகனுக்குப் போய், போன வருஷமே குருவைத் தோற்கடித்தார். ஹேஸ் எதிரணியின் பெயரை வாயால் சொல்லமாட்டாராம். 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பாராம். தபால்காரரும் அப்படியே. ஆட்டம் நடக்கும் வாரத்தில் மகன் என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப்போனான். கட்டடப் பெயர்ப் பலகைகளில் 'எம்' எழுத்து வருமிடமெல்லாம் சிவப்பு நாடாவை ஒட்டி அடித்துவைத்திருந்தார்கள். படித்தவர்கள் செய்கிற காரியம்!

இதில் தபால்காரருக்கு ஆறாத புண் ஒன்று உண்டு. ஒஹாயோவில் பிறந்து வளர்ந்து எல்லை தாண்டிப் போன பையன்கள். கிளீவ்லாந்தில் பிறந்த டெஸ்மண்ட் ஹோவர்ட், ஃப்ரீமாண்ட் ஊர்க்காரர் சார்லஸ் வுட்சன். இருவரும் மிஷிகனுக்கு ஆடி, நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் பரிசை 1991-லும் 1997-லும் வாங்கினார்கள். "நம்ம வீட்டுப் பிள்ளைங்க" என்று தபால்காரர் சொல்லும்போது, பெண்ணைப் பிடிக்காத இடத்தில் கட்டிக்கொடுத்தவர் மாதிரி குரல் இறங்கிவிடும்.

நவம்பர் 21-ஆம் தேதி வாத்தியார் கொடியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். அந்த வருஷத்துப் பையன்களில் முதலிடம் என்று சொல்லப்பட்ட பிரைஸ் அண்டர்வுட், மிஷிகன் மாநிலத்துப் பெல்வில் ஊர்க்காரன், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன் என்று ஜனவரியிலேயே வாக்குக் கொடுத்திருந்தவன், மனதை மாற்றிக்கொண்டு மிஷிகனுக்கு வருகிறேன் என்று அறிவித்துவிட்டான். எனக்கு இதில் பிடித்தது ஊர்ப் பெயர்கள். பெல்வில் என்றால் அழகான ஊர். அந்த லூசியானா பல்கலைக்கழகம் இருக்கும் பத்தோன் ரூஜ் என்றால் சிவப்புக் கம்பு. பெல்வில்லுக்குப் பக்கத்துப் பெரிய நகரம் தெத்ருவா, அதாவது ஜலசந்தி. அவர்கள் டெட்ராய்ட் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் எங்கெல்லாம் போய்ப் பெயர் வைத்துவிட்டு வந்திருக்கிறான்! இதை நான் சொன்னபோது இருவரும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுச் சண்டைக்குத் திரும்பினார்கள்.

"காசு கொடுத்து வாங்கிட்டீங்க" என்றார் தபால்காரர். ஒரு கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. 2021 ஜூலை வரை கல்லூரிப் பையன் தன் ஆட்டத்தை வைத்து ஒரு டாலர் வாங்கக்கூடாது. அதன்பிறகு தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது.

"போன வருஷம் ஃப்ளோரிடாலேர்ந்து ஜெரெமயா ஸ்மித்தைக் கூட்டிட்டு வந்தீங்களே, அவன் என்ன உங்க ஆத்து மீனைச் சாப்பிட வந்தானா?" என்றார் வாத்தியார். ஸ்மித்தான் அதற்கு முந்தின வருஷத்து முதலிடம். ஆக வருஷத்துக்கு ஒரு பையன், ஆளுக்கொன்று. கணக்கு நேராகத்தான் இருந்தது. அதைச் சொல்ல நான் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 30, சனிக்கிழமை ஆட்டம். கொலம்பஸ் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அன்று மட்டும் கிழவர்கள் ஒரே அறையில் உட்காருவதில்லை என்று பல வருஷ ஒப்பந்தம். நானும் பேரனும் தபால்காரர் வீட்டில். ஒஹாயோ அப்போது நாட்டில் இரண்டாமிடம். மிஷிகன் அதுவரை ஐந்து ஆட்டம் தோற்று, பட்டியலிலேயே இல்லை. நட்சத்திரக் கணக்குப்படி ஆடவே வேண்டியதில்லை. முடிவு 13-10, மிஷிகன் ஜெயித்தது. தொடர்ந்து நாலாவது வருஷம். ஜெயித்தவர்கள் தங்கள் கொடியை மைதானத்தின் நடுவே நடப்போக, அடிதடியாகி, போலீஸ் மிளகுப்பொடித் தண்ணீர் அடித்துக் கலைத்தது. தபால்காரர் டிவியை அணைத்துவிட்டு, அந்தக் குளிரில் இலை கூட்டப் போனார். கூட்டுவதற்கு இலையே இல்லை. வாத்தியார் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார், தெருவில் நிற்பது யார் என்று பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். அன்று அவர் வரவே இல்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்தார் என்பது வேறு விஷயம்.

எங்கள் தெருவில் புல் வெட்டவும் பனி தள்ளவும் ஒரு பையன் வருவான். பேரன் பள்ளிக்கூடத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பு. ஆஜானுபாகுவான உடம்பு, குழந்தை முகம். அப்பா இல்லை, அம்மா ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. அவனும் ஆடுகிறவன்தான், இரண்டு நட்சத்திரம். அவனைச் சின்ன வயதிலிருந்து பார்த்த கிழவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் கனவு கண்டிருந்தார்கள். ஒஹாயோ ஸ்டேட்டும் வரவில்லை, மிஷிகனும் வரவில்லை. மாநிலத்துக்குள்ளேயே ஒரு சின்னப் பல்கலைக்கழகமும், தூரத்து மாநிலத்தில் கொஞ்சம் பெயருள்ள ஒன்றும் கூப்பிட்டிருந்தன. கையெழுத்து நாள் டிசம்பர் 4.

அதற்கு முந்தின சாயங்காலம் வரை இருவரும் அதைத்தான் பேசினார்கள். பக்கத்தில் போனால் முதல் வருஷமே ஆடலாம் என்றார் தபால்காரர். பெரிய இடத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்தாலும் நாலு பேர் கண்ணில் படுவான் என்றார் வாத்தியார். பயிற்சியாளர் எத்தனை வருஷம் நிலைப்பார், அந்த இடத்துக்கு எத்தனை பேர் போட்டி, முழங்கால் தாங்குமா. நான் நடுவில் புகுந்து, "பையன் என்ன சொல்கிறான்?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க கேக்கலையே" என்றார் தபால்காரர்.

மறுநாள் பள்ளிக்கூட ஜிம்னாசியத்தில் நீளமாக ஒரு மேஜை, அதன்மேல் துணி, பின்னால் மூன்று பையன்கள். பேரனோடு நானும் போனேன். கிழவர்கள் இருவரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, பெஞ்ச்சில் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். பையன் பக்கத்திலிருந்த சின்னப் பல்கலைக்கழகத்தின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். கைதட்டல். அவன் கையில் பேனா எழுதவில்லை. இரண்டு தடவை உதறிப்பார்த்தான். அம்மா தன் பையைத் திறந்து வேறொரு பேனா எடுத்துக்கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவர், அந்த உடுப்போடுதான் நின்றார். அவன் எழுதியபின் அவரும் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது.

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி நம்மூர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். 'ஒப்சியோன்' என்போம், உங்களில் பலர் வீட்டிலும் அந்தப் பேச்சு நடந்திருக்கும். எனக்குப் பதின்மூன்று வயது. சித்தப்பா சொல்தாவாக இந்தோசீனா போய்வந்தவர். தினம் சாயங்காலம் திண்ணைக்கு வந்துவிடுவார். "பையனுக்கு பிரெஞ்சு நல்லா வருதுண்ணே. கையெழுத்தைப் போடுங்க. பதினெட்டு வயசுல சொல்தா, அப்புறம் பென்சியோன். இங்க அவனுக்கு என்ன இருக்கு? இனிமே எல்லாம் இங்கிலீஷ்" என்பார். அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சுட்டுப் பிழைக்கிற பிழைப்பு என் பிள்ளைக்கு வேணாம்டா. இங்க ஒரு சர்க்கார் வேலை கிடைச்சா போதும்" என்பார். என் உயரம், என் மார்க்கு, என் நுரையீரல் எல்லாம் அந்தத் திண்ணையில் அலசப்பட்டன. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா கையெழுத்துப் போடவில்லை. போடாமல் இருந்ததே முடிவு. சித்தப்பா போட்டார். அவர் பிள்ளை, என்னைவிட ஒரு வயது சின்னவன், சொல்தாவாகி, இப்போது தென் பிரான்சில் பென்சியோனோடு இருக்கிறான். டிசம்பரில் வருவான். நான் இங்கிலீஷ் தட்டுத்தடுமாறக் கற்று எல்.டி.சி. ஆனேன். அவன் முழங்கால் போய்விட்டது, எனக்குச் சர்க்கரை. இரண்டு கிழவர்களும் கடற்கரையில் உட்கார்ந்து யார் அப்பா செய்தது சரி என்று பேசியிருக்கிறோம். ஒருநாள் அவன் பக்கம் சரி என்று படும், ஒருநாள் என் பக்கம்.

அப்பாவும் சித்தப்பாவும் என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப்பார்த்தேன். அந்த வயதில் ஞாயிற்றுக்கிழமை உப்பளத்தில் பந்து விளையாட விட்டால் போதும் என்றிருந்தேன். கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து நல்ல பனி விழுந்த ஒருநாள் அந்தப் பையன் எங்கள் வாசலில் பனி தள்ள வந்தான். காப்பி கொடுத்துவிட்டு, ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"பார்க்கப் போன அன்னிக்கு அங்க சாப்பாடு ரொம்ப நல்லா இருந்தது. எங்கம்மாவும் ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க."

இதை நான் கிழவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை.

2025 ஜனவரி 20-ஆம் தேதி ராத்திரி, அட்லாண்டாவில் நோட்ர டாம் அணியை 34-23 என்று ஜெயித்து ஒஹாயோ ஸ்டேட் தேசிய சாம்பியன் ஆனது. தபால்காரர் காரில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தியது தெரு முழுக்கக் கேட்டது. வாத்தியார் ஜன்னலைத் திறந்து, "சாம்பியன்தான், ஆனா நவம்பர்ல எங்ககிட்ட தோத்த சாம்பியன்" என்று கத்திவிட்டு மூடிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது ஒருவர் சிவப்புத் தொப்பி, ஒருவர் நீலத் தொப்பி கொடுத்தார்கள். சிவப்பை என் மனைவி எடுத்துக்கொண்டாள், மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும்போது வெயிலுக்குப் போட்டுக்கொள்கிறாள். போன வாரம் பேரன் போனில் பேசினான். இலை கூட்டுகிற பருவம் திரும்ப வந்துவிட்டதாம். கிழவர்கள் இப்போது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிச் சண்டை போடுகிறார்களாம். அவன் பாத அளவு என்ன என்பதில் கருத்து வேறுபாடு.